வீடு மாறப் போகிறோம், லோன் ஏஜென்ட் வேண்டுமா?

கேட்டவர் ஒரு சகோதரி. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர், கையில் வரும் சம்பளம் 52,000 ரூபாய். கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் படிப்புக்காகத் திருவாரூர் வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்க நினைக்கிறார்கள். பழைய வீட்டின் மேல் இன்னும் 4 லட்சம் கடன் நிற்கிறது. புது வீட்டுக்கு 25 லட்சம் கடன் தேவை. லண்டனில் இருக்கும் அண்ணன், "மார்ட்கேஜ் புரோக்கர் இல்லாமல் இதில் இறங்காதே" என்கிறாராம். உள்ளூர் லோன் ஏஜென்ட் ஒருவர், "ஒரு சதவீதம் கொடுங்கள், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

31 வருடம் வங்கியில் இருந்தேன். கடைசி 12 வருடம் கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று மாறி மாறி வீட்டுக்கடன் மேஜைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் சம்பளத்தின் பேரில் வாங்கும் இந்தக் கடனுக்கு ஏஜென்ட் தேவையில்லை. அவருக்குக் கொடுக்க நினைக்கும் 25,000 ரூபாயை, வாங்கப் போகும் வீட்டின் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல ஒரு நல்ல சொத்து வக்கீலுக்குச் செலவழியுங்கள். நம் டெல்டாவில் கடன் நின்றுபோவது பெரும்பாலும் பத்திரத்தில்தான், வட்டியில் அல்ல.

உங்கள் அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே 2004 அக்டோபர் 31 முதல் வீட்டுக்கடன் ஆலோசனை சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி இல்லாமல் யாரும் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. வாடிக்கையாளருக்குப் பொருந்தாத கடனைச் சொல்லிக் கொடுத்தால் அவர்மேல் புகார் செய்யவும் தனி அமைப்பு இருக்கிறது. போதாததற்கு, அங்கே பலரும் 2 வருடம், 5 வருடம் என்று வட்டியை நிலையாக வைத்துக் கடன் வாங்குகிறார்கள். அந்தக் காலம் முடிந்ததும் திரும்பவும் சந்தையைப் பார்த்துக் கடனை மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பத்து வங்கியை ஒப்பிட்டுச் சொல்ல ஒருவர் தேவைதான்.

இங்கே நாம் லோன் ஏஜென்ட் என்று சொல்கிறவர் அந்த மாதிரி ஆலோசகர் அல்ல. வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ வெளியில் ஆள் பிடிக்க வைத்திருக்கும் நேரடி விற்பனை முகவர் அவர். டி.எஸ்.ஏ. என்பார்கள். கடன் பட்டுவாடா ஆனதும் தொகைக்கு ஏற்ப அவருக்குக் கமிஷன் போய்விடும். அதைக் கொடுப்பது கடன் கொடுத்த நிறுவனம். ஆக, ஒரு சதவீதம் கேட்கும் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது: "உங்களுக்கு வங்கி கொடுக்கிறதே, அப்புறம் நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?" இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நேர்மையானவர் பதில் வைத்திருப்பார். "உங்கள் வேலைக்காகச் சார்பதிவாளர் அலுவலகம், தாலுக்கா அலுவலகம் என்று நாலு நாள் அலையப் போகிறேன், அதற்கு" என்றால் அது ஒரு நியாயம். "எல்லாரும் கொடுக்கிறார்கள்" என்பது பதிலே இல்லை.

கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏஜென்ட் உங்களை எங்கே அழைத்துப்போகிறார் என்பதை இதை மனத்தில் வைத்துப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டியிருக்க வேண்டும், 3 மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தாங்களே வகுத்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். ரெப்போ இறங்கும்போது வங்கிக்காரரின் வட்டி தானாக இறங்கும். நிறுவனத்தில் நீங்கள் எழுதிக் கேட்டு, சில சமயம் ஒரு கட்டணமும் கட்டி இறக்க வேண்டியிருக்கும். 25 லட்சத்தை 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700. அதே கடன் 9 சதவீதம் என்றால் சுமார் 22,500. மாதம் 800 ரூபாய்தானே என்று தோன்றும். 240 மாதத்தில் அது 1 லட்சத்து 91 ஆயிரம்! ஒரு சதவீதம் கூடினால் 3 லட்சத்து 86 ஆயிரம். ஏஜென்ட் கேட்கும் 25,000 உங்கள் கண்ணுக்குத் தெரிகிற செலவு. அவர் தவறான இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் வருவது கண்ணுக்குத் தெரியாத செலவு. நான் பயப்படுவது இரண்டாவதற்குத்தான்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். திருபுவனத்தில் பட்டு நெசவு செய்யும் ஒருவர் என் கிளைக்கு வந்தார். நல்ல வருமானம், கடன் எதுவும் இல்லாத குடும்பம். ஆனால் வருமான வரிக் கணக்கு கிடையாது, கூலியில் பாதி ரொக்கமாகக் கையில் வருகிறது. எங்கள் விதிப்படி என்னால் கொடுக்க முடியவில்லை. இன்னும் இரண்டு வங்கியும் திருப்பி அனுப்பின. அப்புறம் ஒரு ஏஜென்ட், சின்ன வயதுப் பையன், கூலிப் பதிவேட்டின் நகல், சேமிப்புக் கணக்கின் 2 வருட வரவு, கரண்ட் பில், வீட்டிலேயே தறி ஓடும் படங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இந்த மாதிரி வருமானத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுத்துக் கடன் வாங்கித் தந்தார். வட்டி வங்கியைவிட 2 சதவீதத்துக்கு மேல் கூடுதல்தான். ஆனாலும் அந்த நெசவாளருக்கு வீடு கிடைத்தது. 3 வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி, வரிக் கணக்கும் தாக்கல் செய்ய ஆரம்பித்து, கடனை வங்கிக்கு மாற்றிக்கொண்டார். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி இருப்பதால் மாற்றும்போது அந்த நஷ்டமும் இல்லை. அந்தப் பையன் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் உழைப்புக்கு வாங்கியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

வருமானத்தைக் காகிதத்தில் காட்ட முடியாதவர்களுக்கு ஏஜென்ட் உதவுவார். நெல் விற்ற பணத்தில் வாழ்கிறவர்கள், நாச்சியார்கோயில் பக்கம் விளக்கு வார்க்கிறவர்கள், கணக்கு எழுதாத கடைக்காரர்கள் இந்த வகை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வீடு வாங்குகிறவர்களுக்கும் இங்கே ஓடியாட ஓர் ஆள் வேண்டியிருக்கும். உங்கள் சம்பளம் மாதாமாதம் வங்கியில் வரவாகிறது. 52,000 சம்பளத்துக்கு 21,700 தவணை பெரும்பாலும் வங்கிகள் ஒப்புக்கொள்ளும் அளவுக்குள்தான் இருக்கிறது, வேறு தவணைகள் இல்லாவிட்டால். கணவரைக் கூட்டு விண்ணப்பதாரராகப் போடுங்கள். கடைக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதுவும் சேரும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஆரம்பித்து, இன்னொரு வங்கியில் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். போதும்.

இரண்டோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தங்கை மகன் எனக்குத் தெரியாமல் ஓர் ஏஜென்ட்டிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டான். அவர் எங்கே கிடைத்தாலும் சரி என்று ஒரே வாரத்தில் ஆறு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நிறுவனம் சிபில் அறிக்கையை, அதாவது நம் கடன் வரலாற்றுக் குறிப்பை, எடுத்துப் பார்க்கும், அது அங்கே பதிவாகும். குறுகிய காலத்தில் இப்படிப் பல பதிவு விழுந்தால், பணத்துக்குத் தவிக்கிறவர் என்று கணக்காகி மதிப்பெண் இறங்கும். கடைசியில் அவனுடைய சம்பள வங்கியே விளக்கம் கேட்டு எழுதியது. அதற்குள் கிரய ஒப்பந்தத்தின் கெடு முடிந்தது. கொடுத்த 2 லட்சம் முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. நான் தங்கை வீட்டுக்கு மாதம் இரண்டு முறை போய் வந்துகொண்டிருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்னும் மனசு ஆறவில்லை. சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக நீங்களே எடுக்கலாம், அதனால் மதிப்பெண் குறையாது. யாரையும் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்துப் பாருங்கள். எப்போதோ அடைத்து முடித்த நகைக்கடனோ வண்டிக் கடனோ நிலுவை என்று நின்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். என் மேஜைக்கு வந்து திரும்பிப்போன விண்ணப்பங்களில் மிகப் பல இங்கேதான் விழுந்தன.

நம் ஊர்கள் கோயில் ஊர்கள். கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை எதை எடுத்தாலும் வீடு ஒருவருடையதாகவும் மனை கோயிலுடையதாகவோ ஆதீனத்துடையதாகவோ இருக்கும் தெருக்கள் உண்டு. அடிமனை என்போம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வாடகை கட்டுவார்கள், வீட்டு வரி ரசீது அவர்கள் பெயரில் இருக்கும், பார்ப்பவர்களுக்குச் சொந்த வீடு மாதிரியே தெரியும். ஆனால் அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றுப் பதிவு செய்ய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. வங்கியும் கடன் கொடுக்காது. வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு), நகரம் என்றால் டவுன் சர்வே பதிவேடு ஆகியவற்றில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பட்டாவும் அ-பதிவேடும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். நீங்கள் விற்கப் போகும் திருவாரூர் வீட்டுக்கும் இதையே செய்யுங்கள். வாங்குகிறவர் வங்கிக்குப் போகும்போது உங்கள் பத்திரத்தைத்தான் அவர்கள் கிளறுவார்கள்.

அடுத்தது பாகம். தாத்தா காலத்து வீடு, அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது, பட்டா கூட்டாக நிற்கிறது, ஒரு தம்பி மும்பையில். அக்கா தங்கைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அவர்கள் கையெழுத்து எதற்கு என்பார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் திருத்தியாயிற்று. வாரிசுச் சான்றில் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். இதை எந்த ஏஜென்ட்டாலும் குறுக்கு வழியில் முடிக்க முடியாது. முடித்துத் தருகிறேன் என்கிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

தஞ்சாவூரில் நகரம் வயல் பக்கமாக வளர்ந்துகொண்டே போகிறது. நஞ்சையாக இருந்த இடம் மனையாகும்போது நகர ஊரமைப்பு அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டட அனுமதி வரைபடம் ஒன்றாகவும் கட்டியிருப்பது வேறாகவும் இருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் குறைத்துப் போடுவார். பழைய தெருவில் பொதுச்சுவரோடு நிற்கும் ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கட்டடத்துக்கு மதிப்பு மிகக் குறைவாகத்தான் வரும். மனையின் மதிப்புதான் கணக்கு.

வங்கியின் வக்கீலே பார்த்துவிடுவாரே என்று கேட்பீர்கள். பார்ப்பார், வங்கிக்காகப் பார்ப்பார். அவர் கருத்து வருவது நீங்கள் முன்பணம் கொடுத்த பிறகு. உங்கள் வக்கீல் பார்க்க வேண்டியது முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 30 லட்சம் வரை கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. முத்திரைத்தாள், பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் 25 லட்சம் கடன் வாங்கினால், மீதி 15 லட்சத்தோடு இதையும் சேர்த்து 18 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அடமானப் பத்திரப் பதிவு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம் தனி. திருவாரூர் வீடு விற்ற பணத்தில் 4 லட்சம் பழைய கடனுக்குப் போன பிறகு இது தேறுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஏஜென்ட் ஒரு யோசனை சொல்வார். "விலையைக் கூட்டி இன்னொரு ஒப்பந்தம் போட்டுக் காட்டுவோம், கடன் அதிகம் வரும்." செய்யாதீர்கள். அது வங்கியிடம் பொய்க் காகிதம் கொடுப்பது. மாட்டினால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், மறந்துவிடாதீர்கள்.

பழைய வீட்டுக் கடனுக்கு ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். உங்கள் வங்கியில் நிலுவைக் கடிதமும், அவர்களிடம் இருக்கும் மூலப் பத்திரங்களின் பட்டியலும் எழுதிக் கேளுங்கள். வாங்குகிறவரிடம் அந்த இரண்டையும் காட்டி, அவர் தரும் முன்பணத்திலிருந்தோ அவருடைய வங்கியின் காசோலை நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போகும்படியோ அடைக்கலாம். முழுதும் அடைத்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்களால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிற விதி. அடமானம் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றை ஒருமுறை போட்டுப் பாருங்கள். விற்ற லாபத்துக்கான வரியைப் பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்ற 2 வருடத்துக்குள், அல்லது விற்பதற்கு ஒரு வருடம் முன்பே, புது வீடு வாங்கியிருந்தால் அதில் போட்ட அளவுக்கு வரி விலக்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும், பள்ளி வேலையில் அலைய முடியவில்லை, ஏஜென்ட்டை வைத்துக்கொள்கிறேன் என்றால் அது தப்பில்லை. அவர் சொல்லும் வங்கிக் கிளைக்கு ஒருமுறை நீங்களே போய், இவர் உங்கள் முகவர்தானா என்று மேலாளரிடம் கேளுங்கள். எந்த இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போகலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். நகல் ஒவ்வொன்றின் குறுக்கேயும் "இன்ன வங்கி வீட்டுக்கடனுக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூலப் பத்திரம், வெற்றுக் காசோலை, வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்து, போனில் வரும் ஓ.டி.பி. இந்த நான்கையும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் வங்கி உங்களுக்குச் சொல்வதெல்லாம் அவருக்குத்தான் போகும். அவருக்கான பணம், பட்டுவாடா ஆன பிறகு, பேசிய தொகை மட்டும்.

கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவரக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு வீட்டுக்கடனுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர வட்டி அதில் இருக்கும், படித்து முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வாங்க முடியாது. கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை நுழைத்திருக்கிறார்களா என்று அங்கேதான் தெரியும். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியில் விலை விசாரித்துப் பாருங்கள். வங்கியின் முகவர் தவறு செய்தால் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

கடைசியாக, கிரய ஒப்பந்தம். கார்த்திகையில் ஒப்பந்தம் போட்டுத் தையில் பால் காய்ச்ச வேண்டும் என்று எல்லாரும் நினைப்பதால் கெடு எப்போதும் நெருக்கமாகவே இருக்கும். 3 மாதம் கேளுங்கள். "பத்திரக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்" என்ற ஒரு வரியை வக்கீலைக் கொண்டு எழுதிச் சேருங்கள். விற்பவர் அந்த வரிக்குச் சம்மதிக்கவில்லை என்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணத்தை எடுத்து வையுங்கள்.